பேய்ப்படத்துல வர்ற குறி, சாத்தான் பேரு, பூஜை முறை எல்லாம் எவ்ளோ தூரம் கரெக்ட்டு? (ஸ்பாய்லர் நெறைய இருக்கு)

மொட்டமாடி மோகினி:
ஹெரிடிட்டரி (2018) நடிப்பு, டைரக்‌ஷன் எல்லாம் இங்க ஏற்கனவே அடிச்சுத் தொவச்சாச்சு, அதை விடுங்க. நான் பேச வந்தது அந்தக் குறி பத்தி. செத்துப்போன பாட்டி கழுத்துல, மக கழுத்துல, அப்புறம் அந்தப் பொண்ணு தலை போகுதே அந்த கம்பத்துல, எல்லாத்துலயும் ஒரே குறி வரும்ல, அது டைரக்டர் உக்காந்து கிறுக்குனது இல்ல. லெஸ்ஸர் கீ ஆஃப் சாலமன்னு 17ஆம் நூற்றாண்டுல தொகுத்த ஒரு மந்திரப் புஸ்தகம் இருக்கு, அதோட முதல் பாகம் கோயேட்டியா. அதுல 72 ஆவிங்க லிஸ்ட், ஒவ்வொண்ணுக்கும் ஒரு முத்திரை. 9ஆவது ஆள்தான் பைமன், அவனோட முத்திரைலருந்து எடுத்ததுதான் படத்துல வர்றது. இன்னொரு விஷயம், கூப்பிடறவன் அந்த முத்திரைய உடம்புல தொங்க விட்டுக்கணும்னு அந்தப் புஸ்தகமே சொல்லுது, அதனால செயின்ல டாலரா போட்டது பக்கா கரெக்ட்டு.

கடைசி சீன்ல ஜோன்ற பொம்பள அந்தப் பையன் தலைல கிரீடம் வச்சுட்டு ஒரு வேண்டுதல் சொல்லும்ல, ரகசிய ஞானம் குடு, மரியாதை குடு, செல்வம் குடு, ஏவல் ஆவிங்கள குடு, மனுசங்கள எங்க சொல்லுக்குக் கட்டுப்பட வைன்னு. அதுவும் கிட்டத்தட்ட கோயேட்டியால பைமன் என்னென்ன தருவான்னு போட்டிருக்கோ அதேதான். இவ்ளோ வீட்டுப்பாடம் பண்ண படம் ரொம்பக் கம்மி.

ஆனா பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. புஸ்தகத்துல பைமன் ஒட்டகத்து மேல ஏறி வருவான், தலைல ஜொலிக்கிற கிரீடம், முன்னாடி எக்காளம் தாளம்லாம் வாசிச்சுட்டு ஒரு கூட்டம், வந்ததும் பெருங்குரல்ல கத்துவான், கேட்டதச் சொல்லிக் குடுப்பான், போயிடுவான். அவ்ளோதான். யார் உடம்புக்குள்ளயும் அவன் பூந்ததா அதுல இல்ல. ஆம்பள உடம்புதான் வேணும்னு அலையறது, தல வெட்டறது, நாக்குல டொக்குனு சத்தம், மூணும் படத்துக்காரங்க சேத்தது.

என் கட்சி என்னன்னா, ஹாலிவுட் பேய்ப்படம் பூரா ரெண்டு தனித்தனி சமாச்சாரத்தப் போட்டுக் கொழப்புது. ஒண்ணு, மந்திரவாதி ஆவிய வரவழைச்சு வேல வாங்கறது. இன்னொண்ணு, பிசாசு தானா வந்து மனுசனப் பிடிக்கறது, அத பாதிரியார் வெரட்டறது. மொத வகைலருந்து பேரும் குறியும் எடுத்துக்கறாங்க, ரெண்டாவது வகைலருந்து கதை எடுத்துக்கறாங்க. ஒரு குறி சரியா தப்பான்னு பாக்கறத விட இதுதான் பெரிய தப்புன்னு நான் சொல்றேன். வாங்க சண்டைக்கு.

பாப்கார்ன் பாண்டி:
இல்லாத பிசாசுக்கு என்ன அக்யூரசி வேண்டிக்கெடக்கு 😂 பைமன் வந்து கேஸ் போடப் போறானா என்னைய தப்பா காட்டிட்டான்னு

மொட்டமாடி மோகினி:
பாண்டி, பைமன் இல்ல, ஆனா பைமன் பத்தி எழுதுன புஸ்தகம் இருக்கு. அந்தப் புஸ்தகத்துல என்ன போட்டிருக்குன்றது சரி தப்பு சொல்லக்கூடிய விஷயம்தானே. கர்ணன் கவசம் நிஜமா இருந்துச்சான்னு யாரும் கேக்கல, ஆனா கர்ணனுக்கு தங்கச்சி தீபாவளிக்கு வந்தான்னு எவனாவது படம் எடுத்தா நீ சும்மா இருப்பியா.

கருப்பு_பூனை_77:
பாண்டி கேஸ் போடப்போறானான்னு கேட்டீங்கல்ல, நெசமாவே போட்டாங்க தல. சில்லிங் அட்வென்ச்சர்ஸ் ஆஃப் சப்ரினா சீரிஸ்ல ஆட்டுத்தலை பாஃபமெட் சிலை ஒண்ணு வரும், ரெண்டு பக்கமும் ரெண்டு கொழந்தைங்க பாத்துட்டு நிக்கற மாதிரி. அது 2015ல சாட்டானிக் டெம்பிள்னு ஒரு அமெரிக்க அமைப்புக்காரங்க டெட்ராய்ட்ல தெறந்து வச்ச சிலை டிசைன். எங்க சிலைய காப்பி அடிச்சுட்டு அத வில்லன் கூட்டத்து சாமியா காட்டிட்டீங்கன்னு 2018ல நெட்ஃப்ளிக்ஸ் மேலயும் வார்னர் மேலயும் 5 கோடி டாலர் கேட்டு கேஸ். கொஞ்ச நாள்லயே சமாதானமாப் போயிட்டாங்க. பழைய படத்தப் பாத்து வரைஞ்சிருந்தா பிரச்சனையே இல்ல, ஏன்னா ஆட்டுத்தலை வச்சு ரெக்கை வச்சு உக்காந்திருக்கற அந்த ஒரிஜினல் படம் எலிஃபாஸ் லெவின்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1850கள்ல வரைஞ்சது, காப்பிரைட்டாவது ஒண்ணாவது. ஆனா அந்தக் கொழந்தைங்க லெவி படத்துல கெடையாது, அதான் மாட்டிக்கிட்டாங்க.

அப்புறம் மோகினி நீங்க ஹெரிடிட்டரிய பெருசா திட்டறீங்க, கான்ஜுரிங் 2 (2016) பக்கம் வந்தா என்ன சொல்வீங்க. அந்த கன்னியாஸ்திரி வேலக். கோயேட்டியால 62ஆவது ஆளு. எப்பிடி இருப்பான் தெரியுமா, தேவதை ரெக்கை வச்ச சின்னப் பையன், ரெண்டு தலை டிராகன் மேல சவாரி. வேலை என்னன்னா புதையல் எங்க இருக்குன்னு சொல்றது, பாம்பு எங்க இருக்குன்னு காட்டறது. கன்னியாஸ்திரிக்கும் அவனுக்கும் எட்டுப் பொருத்தத்துல ஒண்ணு கூட இல்ல.

அதுல கூத்து என்னன்னா ஷூட்டிங் அப்போ மொதல்ல கொம்பு வச்ச வேற ஒரு பேய்தான் இருந்துச்சு, படம் கிட்டத்தட்ட முடிஞ்சப்புறம் டைரக்டர் ஜேம்ஸ் வானுக்கு திருப்தி இல்லாம ரீஷூட் பண்ணி கன்னியாஸ்திரி கெட்டப்ப கொண்டாந்தாரு. ஆனா செட்டுல வேலக்ன்ற எழுத்த அங்கங்க ஒளிச்சு வச்சிருப்பாங்க, புக் ஷெல்ஃப்ல, கிச்சன்ல. போய்ப் பாருங்க.

கனடாக்குளிர்:
உந்த வேலக் எண்ட பேருக்கும், கான்ஜுரிங் 2 கதைக்கு மூலமான லண்டன் என்ஃபீல்ட் பேய் வீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை எண்டதையும் சேத்துச் சொல்லுங்கோ. 1977இல அங்க போய் மாசக்கணக்கா இருந்து ஆராய்ஞ்சவை மொரிஸ் குரொஸ், கை பிளேஃபெயர் எண்ட ரெண்டு பேர். படத்தில ஹீரோவாக் காட்டுற வாரன் தம்பதிகள், அமெரிக்கப் பேய் ஆராய்ச்சிக்காரர், வந்து எட்டிப் பாத்திட்டுப் போனவை, அவ்வளவுதான். படத்தில பாத்தா அவைதான் எல்லாரையும் காப்பாத்தினவை மாதிரிக் கிடக்கு. உண்மைச் சம்பவம் எண்டு போட்டிட்டு நடக்காத பிசாசைக் கொண்டு வாறது, குறியைப் பிழையாக் கீறுறதை விட மோசம் எண்டுதான் நான் சொல்லுவன்.

லாஜிக் லட்சுமணன்:
எல்லாரும் கோயேட்டியா கோயேட்டியான்றீங்க, அது எங்கருந்து வந்துச்சுன்னு யாரும் சொல்லல. அதுக்கு முன்னாடியே 1577ல யோஹான் வையர்னு ஒரு டாக்டர் பிசாசுங்க லிஸ்ட் ஒண்ணு அச்சடிச்சாரு, லத்தீன்ல. அதுலயே பைமன், வேலக் எல்லாம் இருக்காங்க, ஆனா முத்திரைங்க கெடையாது, அதெல்லாம் பின்னாடி வந்த கோயேட்டியாலதான். இந்த வையர் யாருன்னா சூனியக்காரின்னு சொல்லி பொம்பளைங்கள எரிக்கறது அநியாயம்னு அந்தக் காலத்துலயே புஸ்தகம் போட்டு சண்டை போட்டவரு. மந்திரவாதிங்க எவ்ளோ அபத்தமா ஏமாத்தறானுங்க பாருங்கன்னு காட்டத்தான் இந்த லிஸ்ட்டயே வெளியிட்டாரு. யாரும் இத வச்சு செஞ்சு பாத்துடக் கூடாதுன்னு சில பகுதிய வேணும்னே வெட்டியும் விட்டாரு. 1584ல ரெஜினால்ட் ஸ்காட் அத இங்கிலீஷ்ல போட்டாரு, அவரும் இதையெல்லாம் நம்பாத ஆளு. ஆக நம்பாத ரெண்டு பேர் கிண்டலுக்குப் போட்ட லிஸ்ட்டு, நூறு வருசத்துல நெஜ மந்திரப் புஸ்தகமாகி, 1904ல மேதர்ஸ், குரோலின்னு ரெண்டு இங்கிலீஷ் மந்திரவாதிங்க பதிப்பா வந்து, இன்னைக்கு ஹாலிவுட்ல நிக்குது.

பைமன் முகம் பொம்பள முகம் மாதிரி இருக்கும்னுகூட வையர் சொல்லிருக்காரு. ஆம்பள உடம்புதான் வேணும்னு படத்துல சொல்றது அதனால இன்னும் சிரிப்பா இருக்கு.

இன்னொண்ணு, படத்துல நரகத்தோட எட்டு ராஜாக்கள்ல ஒருத்தன்னு பைமன சொல்லுவாங்க. கோயேட்டியால ராஜா பட்டம் போட்டிருக்கறது ஒம்பது பேருக்கு. பேல், பைமன், பெலத், பர்சன், அஸ்மோடே, வைன், பேலம், சகன், பெலியால். எண்ணிக்கங்க.

பாப்கார்ன் பாண்டி:
லட்சுமணன் சார் ராஜா, டியூக், பிரசிடென்ட்டுன்றீங்க, ஒவ்வொருத்தனுக்கு கீழ இத்தன படைன்றீங்க, பேயா இல்ல தாலுகா ஆபீஸா? வேலக்கு புதையல் செக்‌ஷன், பைமன் எஜுகேசன் செக்‌ஷன். லஞ்சம் எவ்ளோன்னு போட்டிருக்கா

லாஜிக் லட்சுமணன்:
கிண்டலுக்குச் சொன்னாலும் மேட்டர் அதான். சிலருக்கு பலி, காணிக்கைன்னு தனியாவும் போட்டிருக்கு. பைமனுக்கு 200 படை, வேலக்குக்கு 30. பைமன கூப்பிடறப்ப வடமேற்கு பாத்து நிக்கணும்.

சவேரியார்புரம் ஜோ:
நான் பேய்ப்பட ரசிகன் மட்டும் இல்ல, சின்ன வயசுல பீடச்சிறுவனா இருந்தவன், அதனால தலைகீழ் சிலுவை மேட்டர்ல எனக்கு தனிக் கோவம். கான்ஜுரிங் 2ல செவத்துல மாட்டுன சிலுவையெல்லாம் ஒவ்வொண்ணா தலைகீழா திரும்புமே, தியேட்டரே அலறுச்சு. ஆனா தலைகீழ் சிலுவைன்றது பேதுருவோட சிலுவை. இயேசு மாதிரி சாக எனக்கு தகுதி இல்லன்னு தலைகீழா அறையச் சொன்னாருன்றது ரொம்பப் பழங்காலத்துலருந்தே இருக்கற மரபு. 2000ல போப் இரண்டாம் ஜான்பால் இஸ்ரேல் போனப்ப அவரு உக்காந்த நாற்காலில அந்தக் குறி இருந்துச்சுன்னு, பாத்தியா போப்பே சாத்தான் ஆளுன்னு இன்னைக்கு வரைக்கும் இன்டர்நெட்ல ஒரு கூட்டம் சுத்துது. பேதுருவோட வாரிசு அவரோட சிலுவை இருக்கற சேர்ல உக்காராம வேற யாரு உக்காருவா. பேய்ப்படம் பாத்து வந்த வினைதான் இது.

ஆனா மோகினி அக்கா சொன்ன கொழப்பம் தியரில எனக்கு பாதி உடன்பாடு இல்ல. எக்ஸார்சிஸ்ட் (1973) எடுத்துக்கங்க. 1614ல ரோம் வெளியிட்ட சடங்கு நூல்ல பேய் பிடிச்சிருக்கான்னு பாக்க மூணு அடையாளம் சொல்லிருக்கு. தெரியாத பாஷை பேசறது, மறைவா தூரத்துல நடக்கறத சொல்றது, வயசுக்கு மீறுன பலம். படத்துல ஃபாதர் காரஸ் செக் பண்றது பூரா அந்த லிஸ்ட்தான், லத்தீன்ல கேப்பாரு, டேப் போட்டு கேப்பாரு, சாதா தண்ணிய தெளிச்சு புனித நீர்னு சொல்லி ஏமாத்திப் பாப்பாரு. மேல போய் ஆயர் பர்மிஷன் வாங்கறது வரைக்கும் கரெக்ட்டு, இன்னைக்கும் ஆயர் அனுமதி இல்லாம எந்த சாமியாரும் பேயோட்டக் கூடாது. பேரக் கேக்கறதும் சடங்குலயே இருக்கு, உன் பேரென்ன, எத்தன பேர் இருக்கீங்க, எப்ப வந்த, ஏன் வந்தன்னு கேக்கணும். அதனால கான்ஜுரிங் 2ல பேரச் சொல்லி வெரட்டறத தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். தலை முழுசா சுத்தறது மட்டும் எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல, அது மேக்கப் டிபார்ட்மென்ட்டு.

கனடாக்குளிர்:
ஜோ, சடங்கு சரிதான், ஆனா எனக்கு எக்ஸார்சிஸ்டிலதான் பெரிய கடுப்பு. தொடக்கத்தில ஈராக்கைக் காட்டுவினம், அந்த வயசு போன பாதிரியார் ஒரு பெரிய சிலைக்கு முன்னால நிப்பார், பக்கத்தில நாயள் கடிபடும். அந்தச் சிலை பசுசு. மெசொப்பொத்தேமியாவில கெட்ட காத்துகளுக்கெல்லாம் அரசன். நல்லவன் எண்டு நான் சொல்ல வரேல்லை, ஆனா அந்தக் காலத்துச் சனம் அவன்ர தலையைச் சின்னனாச் செய்து பிள்ளைத்தாச்சியள்ட கழுத்தில தாயத்தாக் கட்டினவை. ஏனெண்டா லமஷ்டு எண்டு இன்னொருத்தி இருக்கிறாள், அவள்தான் வயித்தில இருக்கிற பிள்ளையையும் பிறந்த பிள்ளையையும் கொல்லுறவள், அவளைத் திரத்தக் கூடினவன் பசுசுதான். பாரிஸ் லூவ்ர் மியூசியத்தில ஒரு வெண்கலச் சிலை இருக்கு, 15 சென்ரிமீற்றர்தான் உயரம், முதுகில தன்ர பேரைத் தானே சொல்லுற மாதிரி எழுதிக் கிடக்கு. சின்னப் பிள்ளையளைக் காக்க வீட்டில வைச்ச ஒருத்தனைக் கொண்டுவந்து சின்னப் பிள்ளையைப் பிடிக்கிற பேயாக்கி விட்டிருக்கினம். இதை விடப் பெரிய பிழை ஒரு படத்திலயும் இல்லை.

அந்தச் சிலையை வைச்சுப் படம் எடுத்த இடம் ஹத்ரா. அது பசுசுத் தாயத்துக் கட்டின அசீரியாக்காரருக்கு எத்தினையோ நூற்றாண்டு பிந்தின நகரம். அதை விடுவம், பாக்க வடிவாத்தான் இருக்கு.

மொட்டமாடி மோகினி:
கனடாக்குளிர், இதுக்கு உங்களுக்கு ஒரு சல்யூட். ஜோ, நீங்க சொன்னதுல எனக்கு மறுப்பே இல்ல, ஏன்னா எக்ஸார்சிஸ்ட் ரெண்டாவது வகைக்குள்ளயே நிக்குது, பேரு மட்டும்தான் வெளிலருந்து வாங்குனது. நான் திட்டறது வட்டம் போட்டு மெழுகுவத்தி ஏத்தற படங்கள.

அந்த வட்டத்தப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். எந்தப் படத்துல பாத்தாலும் தரைல அஞ்சுமுனை நட்சத்திரம், சுத்தி வட்டம், நடுவுல பேய் எந்திரிக்கும், மந்திரவாதி வெளிய நின்னு கையத் தூக்கிட்டு நிப்பான். புஸ்தகத்துல அப்படியே உல்டா. வட்டம் மந்திரவாதிக்கு. ஒம்பது அடி அகலம், அதுக்குள்ள அவன் நிக்கணும், வெளிய வந்தா காலி. பேய் வர்றது ரெண்டு அடி தள்ளி போட்ட முக்கோணத்துக்குள்ள. அஞ்சுமுனை நட்சத்திரம் அவன் நெஞ்சுல போட்டுக்கற பாதுகாப்பு, சாலமன் பேருலயே இருக்கு. அதாவது படத்துல பேய கூப்பிடற குறியா காட்டறது, நெஜத்துல பேய் கிட்ட வராம தடுக்கற குறி. எவ்ளோ பெரிய ஸ்டூடியோவா இருந்தாலும் இந்த ஒண்ண மட்டும் யாரும் சரியா பண்ண மாட்டேங்கறாங்க, ஏன்னா முக்கோணம் பாக்க பயமா இல்ல போல.

கருப்பு_பூனை_77:
ஆமா, அஞ்சுமுனைக்கு கெட்ட பேரு வந்ததே லெவியாலதான். ஒரு முனை மேல இருந்தா நல்லது, ரெண்டு முனை மேல இருந்தா ஆட்டுக்கொம்பு, கெட்டதுன்னு அவருதான் அடிச்சு எழுதி வச்சாரு. அதுக்கு முன்னாடி ஐரோப்பால அது இயேசுவோட அஞ்சு காயத்துக்கு அடையாளம். செம காமெடி என்னன்னா அவரு வரைஞ்ச ஆட்டுத்தலை நெத்தியிலயே நட்சத்திரம் நேராத்தான் இருக்கும், தலைகீழா இல்ல. 1966ல ஆரம்பிச்ச சர்ச் ஆஃப் சாட்டான்காரங்கதான் தலைகீழ் நட்சத்திரத்துக்குள்ள ஆட்டுத்தலைய வச்சு அத ஊருக்கெல்லாம் தெரிய வச்சாங்க. அதனால 1600கள்ல நடக்கற கதைல எவளாவது சூனியக்காரி தலைகீழ் நட்சத்திரம் போட்டா சிரிச்சுட்டு அடுத்த படத்துக்குப் போயிடுங்க.

பாப்கார்ன் பாண்டி:
நம்ம ஊரு படத்துல மட்டும் என்னவாம், மந்திரவாதி தரைல குங்குமத்துல ஆறுமுனை நட்சத்திரம் போட்டு மண்டை ஓடு வைப்பான், அது முருகன் சக்கரம்டா, சரவணபவ எழுதற இடம், அதுல எப்பிடிடா பேய் வரும்

மொட்டமாடி மோகினி:
பாண்டி மொத தடவையா உருப்படியா ஒண்ணு பேசிருக்கான். அங்கயும் கோயேட்டியால ஆறுமுனை சாலமனோடது, ஆவிய அடக்கறதுக்கு. ரெண்டு ஊர்லயும் காவலுக்கு இருக்கற குறியத்தான் வில்லன் கைல குடுக்கறாங்க. நம்ம ஊரு படத்துக்கு தனி இழை போடு, இங்க வேணாம்.

தூக்கம்_வரல:
ஓஜா போர்டு பத்தி யாரும் பேசலயே? எங்க ஹாஸ்டல்ல சார்ட் பேப்பர்ல ஏ டு இசட் எழுதி காயின் வச்சு சீனியர்ஸ் ஆவி கூப்பிடுவாங்க, நெஜமாவே காயின் நகந்துச்சு, யாரும் தள்ளல, சத்தியமா. அது மட்டும் எப்பிடி பொய்யாகும்?

லாஜிக் லட்சுமணன்:
காயின் நகந்தது நெஜம், தள்ளுனது நீங்கதான், தள்ளறது உங்களுக்கே தெரியாது. 1852ல வில்லியம் கார்பென்டர் இதுக்கு ஒரு பேரே வச்சாரு, ஐடியோமோட்டார். அடுத்த வருசம் ஃபாரடே, ஆமா கரண்ட் ஃபாரடேயேதான், டேபிள் தானா சுத்துதுன்னு சொன்னவங்கள உக்கார வச்சு, கைக்கும் டேபிளுக்கும் நடுவுல உருளற மாதிரி அட்டை வச்சு பாத்தாரு. கைதான் மொதல்ல நகருது, டேபிள் இல்லன்னு தெரிஞ்சுது. கை நகர்றத காட்டற முள்ளு ஒண்ணு கண்ணு முன்னாடி வச்சதும் டேபிள் சுத்தறதே நின்னுபோச்சு.

அந்த போர்டுக்கு பழங்கால ரகசியம்லாம் ஒண்ணும் இல்ல. 1891ல பால்டிமோர்ல எலைஜா பாண்ட் பேருல பேட்டன்ட் வாங்குன விளையாட்டு சாமான். 1966ல மோனோபலி விக்கற பார்க்கர் பிரதர்ஸ் அத வாங்கினாங்க, அடுத்த வருசம் மோனோபலியவே விற்பனைல தாண்டுச்சு. குடும்பமா உக்காந்து விளையாண்டிருக்காங்க. எக்ஸார்சிஸ்ட்ல அந்தப் பொண்ணு கேப்டன் ஹௌடின்னு ஒருத்தனோட போர்டுல பேசறேன்னு சொல்லுவா பாருங்க, அதுக்கப்புறம்தான் அது சாத்தான் வாசல்னு ஆச்சு. படம் குறிய தப்பா காட்டுச்சுன்னு நாம பேசிட்டு இருக்கோம், இங்க படம்தான் அந்த அர்த்தத்தையே உண்டாக்குச்சு.

தூக்கம்_வரல:
சார் ஆனா அந்தக் காயின் ஒரு செத்துப்போன சீனியர் பேர கரெக்ட்டா சொல்லுச்சு, எனக்கு அந்தப் பேர் தெரியவே தெரியாது

லாஜிக் லட்சுமணன்:
காயின் மேல வெரல் வச்ச மத்தவங்களுக்கு?

பாப்கார்ன் பாண்டி:
முடிச்சுவிட்டீங்க போங்க 😂😂 சரி மோகினி, எல்லாத்தயும் திட்டியாச்சு, சடங்க ஒழுங்கா காட்டுன படம்னு ஒண்ணாவது சொல்லு, ஞாயித்துக்கெழம பாக்கறேன்

மொட்டமாடி மோகினி:
எ டார்க் சாங் (2016). ஐரிஷ் படம், கதை வேல்ஸ்ல ஒரு தனி வீட்டுல நடக்குது. மகன பறிகுடுத்த ஒரு அம்மா, காசு குடுத்து ஒரு முசுடு மந்திரவாதிய கூட்டிட்டு வந்து வீட்டப் பூட்டிக்கிட்டு அப்ரமெலின் சடங்கு பண்ணும். அது நெஜமா இருக்கற நூல், பாரிஸ்ல இருந்த பிரெஞ்சு கையெழுத்துப் பிரதிலருந்து மேதர்ஸ் மொழிபெயர்த்தது. மாசக்கணக்கா விரதம், தனிமை, பிரார்த்தனை, எல்லாம் கடைசில உன் காவல் தேவதைய நேருல சந்திக்கறதுக்கு. பேய்ங்க வர்றது அதுக்கப்புறம்தான், அதுவும் அடக்கறதுக்கு. படம் அந்த சலிப்ப, பசிய, சந்தேகத்த அப்படியே காட்டும், பாதி நேரம் அந்த ஆளு அவள ஏமாத்தறானோன்னு நமக்கே தோணும். தரைல போடற வட்டமெல்லாம் வேற வேற மரபுலருந்து கலந்து கட்டுனதுதான், அத மன்னிச்சுட்டேன். ஆனா சடங்குன்னா அஞ்சு நிமிச மெழுகுவத்தி சீன் இல்ல, முதுகொடிய வேலன்னு புரிஞ்சுக்கிட்ட ஒரே படம் எனக்குத் தெரிஞ்சு இதான். கிளைமாக்ஸ்ல யார் வர்றாங்கன்றத சொல்ல மாட்டேன், அதுலதான் நூலுக்கு ரொம்ப விசுவாசமா இருக்கு.

கருப்பு_பூனை_77:
குரோலியும் இதுக்குத்தான் 1899ல ஸ்காட்லாந்துல லாக் நெஸ் ஏரிக்கரைல பெரிய வீடு ஒண்ணு வாங்குனாரு, போல்ஸ்கின் ஹவுஸ். ஆரம்பிச்சாரு, முடிக்கல.

லாஜிக் லட்சுமணன்:
பிரெஞ்சுப் பிரதில ஆறு மாசம். ஜெர்மன் பிரதிங்கள்ல பதினெட்டு மாசம். முடிக்காததுல ஆச்சரியம் இல்ல.

சவேரியார்புரம் ஜோ:
அக்கா, தேவதைய சந்திக்க பண்ற சடங்குன்னா அத பேய்ப்படம்னு எப்பிடி வகைப்படுத்தறது? பாத்துட்டு வந்து சண்டை போடறேன்.

பாப்கார்ன் பாண்டி:
பதினெட்டு மாசம் வீட்ட விட்டு வெளிய வராம, பொண்டாட்டி கூட பேசாம, ஒருவேள சாப்பாடு. இத நான் கொரோனாலயே பண்ணிட்டேன்யா, ஒரு தேவதையும் வரல. சரி அந்தப் படம் தமிழ் டப்பிங் இருக்கா?

மொட்டமாடி மோகினி:
எனக்குத் தெரிஞ்சு இல்ல. சப்டைட்டில் போட்டு பாரு, வசனம் கம்மிதான்.